வலைக்குள் யார், வலைக்கு வெளியே யார்?

(பாகூர் கொம்யூனில் நண்பர்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்ட தோழர், "உங்க ஆய்வைப் பத்தியே பேசுங்க" என்றார். புதுச்சேரி கிராமங்களில் பொது நிலம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஏரிக்கரை, களத்துமேடு, மேய்க்கால், சுடுகாடு, விளையாட்டுத் திடல் என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதை அப்படியே பேசினால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். அதனால் ஒரு மைதானத்துக்குப் போய்வந்த கதையைச் சொல்கிறேன். என் ஆய்வும் அதற்குள்தான் இருக்கிறது.

என் அக்கா மகனுக்குப் பதின்மூன்று வயது. அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கிறான். வேகப்பந்து போடுவான். எங்கள் காலனியில் அவன் பந்தை எதிர்கொள்ளப் பெரிய பையன்களே கொஞ்சம் யோசிப்பார்கள். அவன் இதுவரை கையில் பிடித்ததெல்லாம் ரப்பர் பந்தும் டென்னிஸ் பந்தும்தான். "சித்தி, ரஞ்சி ஆடுறவங்க பிராக்டிஸ் பண்றதப் பாக்கணும்" என்று ஒரு வருடமாக நச்சரித்தான். போன ஆகஸ்ட்டில், முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு, வில்லியனூர் கொம்யூன் துத்திப்பட்டில் இருக்கும் கிரிக்கெட் மைதானத்துக்கு அவனைக் கூட்டிப்போனேன். பாகூர் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி, கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோ. காலை ஆறரைக்குக் கிளம்பினோம்.

புதுச்சேரிக்கென்று தனி அணி வந்து அதிக காலம் ஆகவில்லை. 2018-ல் பிசிசிஐ ஒன்பது புதிய அணிகளை உள்நாட்டுப் போட்டிகளில் சேர்த்தது. வடகிழக்கு மாநிலங்கள் ஆறு, பிகார், உத்தரகாண்ட், அவற்றோடு புதுச்சேரி. 2018-19 ரஞ்சிக் கோப்பையில் நம் அணி முதன்முதலாக ஆடியது. அந்த அணியின் சொந்த மைதானம்தான் துத்திப்பட்டு. 2024 முதல் பாண்டிச்சேரி பிரீமியர் லீக்கும் நடக்கிறது. ஆக, ஓட்டு வீடும் முந்திரித் தோப்புமாக இருக்கும் நம் கிராமங்களுக்கு நடுவில் முதல்தர கிரிக்கெட் வந்து உட்கார்ந்திருக்கிறது. இது சின்ன விஷயம் இல்லை. ஒரு தலைமுறைக்கு முன்னால் இங்கே ஒரு பையன் பெரிய கிரிக்கெட்டைப் பார்க்க வேண்டுமென்றால் சேப்பாக்கத்துக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

ஆகஸ்ட் என்பது போட்டிக் காலத்துக்கு முந்தைய காலம். இந்தியாவில் பெரிய உள்நாட்டுப் போட்டிகள் அக்டோபரை ஒட்டித்தான் சூடுபிடிக்கும். அதற்கு முன்னால் நடப்பது உடம்பைத் தேற்றுவதும் ஆளைத் தேர்ந்தெடுப்பதும். ஸ்கோர்போர்டு கிடையாது, கூட்டம் கிடையாது, தொலைக்காட்சி கிடையாது. ஒரு பையன் உள்ளே போவானா வெளியே நிற்பானா என்று முடிவாகிற காலம் அதுதான். அன்றைக்குப் பார்க்க யாரும் இருப்பதில்லை.

கேட்டில் எங்களை மரியாதையாகவே உள்ளே விட்டார்கள். பெயர் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். யாரும் ஊர் கேட்கவில்லை, தெரு கேட்கவில்லை. இதை நான் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் கேட்டுக்குப் பத்தடி முன்னாலேயே பையன் என் கையைப் பிடித்து, "சித்தி, உள்ள போனா ஏதாச்சும் கேப்பாங்களா?" என்று கேட்டான். "என்ன கேப்பாங்க?" என்றேன். பதில் சொல்லவில்லை. உள்ளே போய்ப் புல்லின் விளிம்பு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். "எதுக்குடா?" என்றால், "புல்லு நல்லாருக்கு சித்தி, அதான்" என்கிறான்.

அவனுடைய பாட்டி, அதாவது என் அம்மா, சின்ன வயதில் ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர். அந்தக் கதை அவனுக்குத் தெரியும். அன்றைக்கு அவன் செருப்பைக் கழற்றியது புல்லுக்காகவா பாட்டிக்காகவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நானும் அப்புறம் கேட்கவில்லை.

உள்ளே இரண்டு மணி நேரம் இருந்தோம். வலைப்பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பக்கத்துப் பக்கத்தில் வலைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மட்டையாளர், பந்து போட வரிசையில் நாலைந்து பேர். லெதர் பந்து மட்டையில் படும் சத்தம் ரப்பர் பந்தின் சத்தம் மாதிரி இல்லை, விறகு பிளக்கிற மாதிரி இருக்கிறது. ஓரமாக இரண்டு பேர் ஆடுகளத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் உருளை ஓட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் பேசிய தமிழ் எங்கள் வீட்டுத் தமிழ். வலைக்குள் இந்தி, தெலுங்கு, ஆங்கிலம், சென்னைத் தமிழ் எல்லாம் கேட்டது. யாருடைய சாதியையும் நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கவும் கூடாது. ஆனால் எங்கள் பையன் மட்டையாளர்களைப் பார்த்த நேரத்தைவிட உருளை ஓட்டியவரைப் பார்த்த நேரம் அதிகம். திரும்பும்போது கேட்டான்: "சித்தி, அவரு சாயந்திரம் ஆடுவாரா?"

இந்தக் கேள்வி எனக்குப் பாலுவை ஞாபகப்படுத்தியது.

பல்வங்கர் பாலு. 1876-ல் தார்வாடில் சமார் சாதியில் பிறந்தவர். இந்தியாவின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவர் கிரிக்கெட்டுக்குள் வந்த வழி எது தெரியுமா? புனேயில் ஒரு பார்சி கிளப்பில் மாதம் மூன்று ரூபாய்க்கு ஆடுகளத்தைப் பெருக்கி உருட்டும் வேலை. அப்புறம் ஐரோப்பியர்களின் கிளப்பில் நாலு ரூபாய்க்கு அதே வேலை. வலை கட்டுவது, கோடு போடுவது, உருளை இழுப்பது. வெள்ளைக்கார மட்டையாளர்களுக்குப் பயிற்சிக்கு ஆள் வேண்டியிருந்தது, அதனால் பந்து போடச் சொன்னார்கள். மணிக்கணக்கில் போட்டார். வலையில் அவருக்கு மட்டை மட்டும் தரப்படவே இல்லை.

தோழர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பாலுவைப் பற்றிப் பேசுகிறவர்கள் தேநீர்க் கதையைச் சொல்வார்கள். புனே இந்துக்களின் அணியில் அவரைச் சேர்த்தபோது மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். இடைவேளையில் மட்டும் அவருக்குத் தேநீர் பெவிலியனுக்கு வெளியே, தனியாக, மண் குவளையில். நம் ஊர் டீக்கடை இரட்டைக் குவளையின் அண்ணன் அது. கொடுமைதான். ஆனால் அது ஆட்ட நாளில், நாலு பேர் பார்க்க நடந்தது. அதனால்தான் அது வரலாற்றில் ஏறியது, ஒருநாள் முடிவுக்கும் வந்தது. வலையில் மட்டை தராதது யார் கண்ணிலும் படவில்லை. அதை அவமதிப்பு என்றுகூட யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். "அவன் வேலை பந்து போடுறது" என்பதோடு முடிந்துபோயிற்று. ஆட்டத்துக்குள் ஒருவர் என்னவாக முடியும் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே வலை முடிவு செய்துவிட்டது.

1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணியில் பாலு நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். இந்துக்கள் அணிக்கு ஒருமுறைகூட அவரைத் தலைவராக்கவில்லை. அவருடைய தம்பி விட்டல்தான் 1923-ல் தலைவரானார். பாலுவை நாம் முழுக்க நம்மவர் என்று கொண்டாடிவிடவும் முடியாது. 1932-ல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர், 1937 தேர்தலில் பம்பாயில் காங்கிரஸ் அவரை நிறுத்தியது அண்ணல் அம்பேத்கருக்கு எதிராக. அண்ணல்தான் வென்றார். மட்டை தராதவர்கள் தேர்தலில் நிற்க மட்டும் இடம் தந்தார்கள். அது தனிக் கதை, இன்னொரு கூட்டத்தில் பேசலாம்.

இப்போது கொஞ்ச தூரம் போகிறேன். அமெரிக்காவுக்கு.

அங்கே பேஸ்பால் என்றொரு விளையாட்டு. நம் ஆட்கள் பலர் ஹாலிவுட் படத்தில் பார்த்திருப்பீர்கள். கிரிக்கெட்டின் தூரத்துப் பங்காளி. அந்த ஊரில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வடக்கு நகரங்களில் குளிர் போயிருக்காது. அதனால் பெரிய அணிகள் எல்லாம் வெயில் இருக்கும் புளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் போய், சின்ன ஊர் மைதானங்களில் ஆறு வாரம் பயிற்சி எடுக்கும். 'ஸ்பிரிங் டிரெய்னிங்' என்பார்கள். ரசிகர்களுக்கு அது ஒரு திருவிழா. டிக்கெட் விலை குறைவு, வீரர்களைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம், குழந்தைகள் வேலியோரம் நின்று கையெழுத்து வாங்கலாம். அந்த மைதானங்களுக்குப் போய்வந்தவர்கள் எழுதுவதைப் படித்தால் ஏதோ வேடந்தாங்கலுக்குப் போய்வந்த மாதிரி எழுதுவார்கள்.

கறுப்பின வீரர்களுக்கு அதே ஆறு வாரம்தான் வருடத்தின் மிக மோசமான காலம். ஏனென்றால் புளோரிடா தெற்கு. பேருந்து, உணவகம், விடுதி, மைதான இருக்கை எல்லாவற்றிலும் நிறப்பிரிவினை அங்கே சட்டம்.

1946 வசந்தத்தில் ஜாக்கி ராபின்சன் அங்கே போனார். புரூக்ளின் டாட்ஜர்ஸ் நிர்வாகம் அவரைத் தன் கீழ்நிலை அணியான மான்ட்ரியல் ராயல்ஸில் சேர்த்திருந்தது. கூடவே ஜான் ரைட் என்ற இன்னொரு கறுப்பினப் பந்துவீச்சாளரும் இருந்தார். அவர் பெயரை வரலாறு சீக்கிரம் மறந்துவிட்டது. ராபின்சனுக்கும் ரேச்சலுக்கும் திருமணமாகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. கலிபோர்னியாவிலிருந்து வரும் வழியில் அவர்களை விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். மிச்சத் தூரத்தைப் பேருந்தில், பின் இருக்கையில் கடந்தார்கள். சான்ஃபோர்டு என்ற ஊரில் பயிற்சி தொடங்கி இரண்டே நாளில் மிரட்டல் வந்தது. ஊரை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. டேடோனா பீச்சில் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில் தங்கினார்கள். அணியின் மற்றவர்களுக்கு விடுதி. 1946 மார்ச் 17 அன்று டேடோனா பீச் மைதானத்தில் வெள்ளையர்களோடு அவர் ஆடினார். அதைப் பார்க்கத் திரண்ட கறுப்பின மக்களுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பி வழிந்தது. ஆடுகளத்தில் சுவர் விழுந்தது, பார்வையாளர் பகுதியில் சுவர் அப்படியே இருந்தது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஜாக்சன்வில் என்ற ஊருக்கு அணி ஆடப் போனது. மைதானத்தின் கேட்டில் பூட்டுத் தொங்கியது. டிலாண்ட் என்ற ஊரில் ஆட்டத்தை ரத்து செய்தார்கள். காரணம் என்ன சொன்னார்கள் தெரியுமா? மைதானத்தின் மின்விளக்குகளைச் சரிசெய்கிறோம் என்றார்கள். ஆட்டமோ பகலாட்டம்!

இதைப் படித்தபோது நூலகத்தில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த மின்விளக்கை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

பதினைந்து வருடம் இருக்கும். எங்கள் காலனி அணியில் என் அண்ணன்தான் தொடக்கப் பந்துவீச்சாளர். பொங்கலை ஒட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் டோர்னமென்ட். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை, எந்த ஊராகவும் இருக்கலாம். நுழைவுக் கட்டணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அண்ணனும் இரண்டு நண்பர்களும் போனார்கள். "பதினாறு டீம் ஃபுல் ஆயிடுச்சுப்பா, கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா சேத்திருக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். டீயும் வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துச் சுவரில் ஒட்டிய அட்டவணையில் பதினேழாவதாக ஒரு அணி இருந்தது. அண்ணன் அந்தச் சுவரொட்டி முன்னால் நின்று, திரும்பத் திரும்ப எண்ணினான். அடுத்த வருடம் அவன் போகவில்லை. இப்போது ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறான்.

யாரும் திட்டவில்லை, யாரும் அடிக்கவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவில் இதைக் கொண்டுபோய் வைப்பீர்கள்? 2024-ல் 'லப்பர் பந்து' வந்தபோது எங்கள் காலனிப் பையன்கள் மூன்று முறை போய்ப் பார்த்தார்கள். படத்தில் கதாநாயகன் திறமை இருந்தும் அணிக்கு வெளியே நிற்கிற காட்சிகளில் தியேட்டர் அமைதியாகிவிட்டது என்றார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஒரு பதினேழாவது அணி ஞாபகம் வந்திருக்கும்.

புளோரிடாவில் மாற்றம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ராபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று பெரிய லீக்கில் களமிறங்கினார். அதோடு நிறவெறி ஒழிந்தது என்று பாடப்புத்தகம் முடித்துவிடும். ஆனால் அந்த 1947 வசந்தத்திலேயே புளோரிடா வேண்டாமென்று அணி கியூபாவின் ஹவானாவுக்குப் போனது. அங்கே அப்படியொரு சட்டம் கிடையாது. அப்படியும் கறுப்பின வீரர்களைத் தனியாக ஒரு மட்டமான விடுதியில் தங்கவைத்தது, அணி நிர்வாகமே. பின்னாலும் பதினான்கு ஆண்டுகள் புளோரிடாவில் பல அணிகளின் நட்சத்திர வீரர்கள் அணியின் விடுதியில் தங்க முடியாமல், கறுப்பினக் குடியிருப்புகளில் வாடகைக்கு அறை தேடினார்கள். பரிசும் கோப்பையும் வாங்கியவர்களுக்கே அந்த நிலை.

1961-ல் மூன்று பக்கத்திலிருந்து அடி விழுந்தது. வெண்டெல் ஸ்மித் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் சிகாகோ நாளிதழில் இதைத் தொடர்ந்து எழுதினார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரால்ஃப் விம்பிஷ் என்ற மருத்துவர், அவர் அந்த ஊர்க் கறுப்பின உரிமை இயக்கத் தலைவர், அதுவரை வீரர்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்துவந்தவர், "இனி பார்த்துத் தர மாட்டேன், அணிகள் தங்கள் விடுதியிலேயே தங்கவைக்கட்டும்" என்று அறிவித்தார். பில் ஒயிட் என்ற வீரர், ஊர்ப் பெரிய மனிதர்கள் அணிக்குக் கொடுத்த காலை விருந்துக்கு வெள்ளை வீரர்களை மட்டும் அழைத்ததை வெளியே சொன்னார். அடுத்த வருடம் அந்த அணி ஒரு விடுதியையே எடுத்து எல்லோரையும் குடும்பத்தோடு ஒன்றாகத் தங்கவைத்தது. பாருங்கள், ராபின்சனின் சாதனை அந்தக் கதவைத் தானாகத் திறந்துவிடவில்லை. எழுதியவர், ஒத்துழைக்க மறுத்தவர், வெளியே சொன்னவர் என்று மூன்று பேர் தேவைப்பட்டார்கள். அதுவும் ஆட்டத்தைப் பற்றி அல்ல, படுக்கை பற்றி, காலைச் சாப்பாடு பற்றி.

இன்றைக்கு அங்கே எல்லாம் சரியாகிவிட்டதா? ஏப்ரல் 15 அன்று எல்லா வீரர்களும் ராபின்சனின் 42-ஆம் எண் சட்டை போடுகிறார்கள். டேடோனா மைதானத்துக்கே அவர் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் 1980-களின் தொடக்கத்தில் பெரிய லீக்கில் நூற்றுக்குப் பதினெட்டு பேர் அளவுக்கு இருந்த அமெரிக்கக் கறுப்பின வீரர்கள் 2024-ல் சுமார் 6 சதவீதம்தான். பூட்டு இல்லை, பலகை இல்லை. சிறுவயதிலேயே ஊர் ஊராகப் போய் ஆடும் தனியார் அணி, தனிப் பயிற்சியாளர், விலையுயர்ந்த கருவிகள் என்று பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டியதாகிவிட்டது. பூட்டு இருந்த இடத்தில் ரசீதுப் புத்தகம் வந்து உட்கார்ந்துவிட்டது.

இப்போது பாகூருக்குத் திரும்புவோம்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊருக்கு ஒரு பழைய பெருமை உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கே ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. அதற்கு மூன்று கிராமங்களைத் தானம் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. பெரிய கல்வி நிலையம் என்று நாமும் மேடையில் பேசுகிறோம். அந்த மூன்று கிராமங்களில் உழுதவர்களின் பிள்ளைகள் அந்த நிலையத்துக்குள் உட்கார்ந்து படித்திருப்பார்களா என்று யாரும் கேட்பதில்லை. வேதம் ஓதிய நிலையம், நமக்குத் தெரியாதா? பயிற்சிக்கூடத்துக்கு நெல் அளப்பவர்கள் ஒரு பக்கம், பயிற்சி பெறுகிறவர்கள் ஒரு பக்கம் என்ற ஏற்பாடு இந்த மண்ணுக்குப் பழையது.

எங்கள் காலனிக்கு மைதானம் கிடையாது. எங்கள் 'ஸ்பிரிங் டிரெய்னிங்' எப்போது தெரியுமா? அறுவடை முடிந்து வயல் காய்ந்த பிறகு, அடுத்த உழவுக்கு முன்னால். நெல் தாளைக் காலால் மிதித்துச் சமப்படுத்தி, நடுவில் இருபத்திரண்டு கஜம் செதுக்கி, ஸ்டம்புக்கு மூங்கில் ஊன்றுவார்கள். நிலக்காரர் வந்து ஒரு சத்தம் போட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. அந்தத் தரையில் ரப்பர் பந்துதான் ஆட முடியும். லெதர் பந்து போட்டால் இரண்டு ஓவரில் தையல் பிய்ந்துவிடும், எகிறினால் பல் போய்விடும். ரப்பர் பந்தில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தேர்வு முகாமில் கையில் கொடுப்பது லெதர் பந்து. அப்போது "பையனுக்கு டெக்னிக் இல்லை" என்பார்கள். உண்மைதான், இல்லை. டெக்னிக் தரையிலிருந்து வருகிறது, தரை நம்மிடம் இல்லை.

மட்டை, பேடு, கையுறை, ஹெல்மெட், ஷூ எல்லாம் சேர்த்து விசாரித்தோம். சாதாரணத் தரத்திலேயே பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. அக்கா நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். பையன் வளர வளர ஷூவும் பேடும் மாற்ற வேண்டும்.

இன்னொரு விஷயம். 2018 செப்டம்பரில், வெளியிலிருந்து வந்து புதுச்சேரி அணிக்கு ஆடவிருந்த எட்டு வீரர்களுக்குக் கொடுத்த அனுமதியை பிசிசிஐ திரும்பப் பெற்றது பெரிய செய்தியானது. யார் உள்ளூர் என்ற சண்டை அன்று தொடங்கியது. வெளியூர் வீரர்கள் மீது எனக்குக் கோபம் கிடையாது. பிழைக்க ஊர் மாறுகிறவனை நம் இயக்கம் ஒருநாளும் எதிரியாக்கக் கூடாது, நம்மில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். நான் சொல்வது வேறு. புதுச்சேரிக்கான அட்டவணைச் சாதிப் பட்டியல் 1964 குடியரசுத் தலைவர் ஆணையில் வந்தது. அந்த ஆண்டை அளவுகோலாக்கி, 'பூர்வீகம்', 'குடிபெயர்ந்தவர்' என்று நம்மையே இரண்டாகப் பிரித்து, அந்த வழக்கு நீதிமன்றப் படியெல்லாம் ஏறியது. எங்கள் வீட்டில் ஒரு சான்றிதழுக்காகப் பாட்டனின் இருப்பிடத்துக்குத் தாள் தேடி அலைந்திருக்கிறோம். கடலூர் எல்லை எங்கள் வயலுக்கு அந்தப் பக்கம் தெரியும். ஒரு சேரிப்பெண் அந்த வரப்பைத் தாண்டி வாழ்க்கைப்பட்டு வந்தால் அவள் எந்த ஊர்க்காரி என்று தலைமுறைக் கணக்குப் பார்க்கிறார்கள். விளையாட்டிலோ ஒரு வருடம் இங்கே படித்தாலோ வேலை பார்த்தாலோ உள்ளூர் ஆகிவிடலாம். 'உள்ளூர்' என்ற ஒரே சொல்லுக்கு இங்கே இரண்டு நீளத்தில் அளவுகோல் இருக்கிறது.

"விளையாட்டில் சாதியைக் கொண்டுவராதீர்கள்" என்று உடனே ஒரு குரல் வரும். நம்மில் சிலருக்கே அந்தத் தயக்கம் உண்டு. திறமை இருந்தால் வந்துவிடுவான் என்பார்கள். சரி, கணக்கைப் பார்ப்போம். 2018-ல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் வந்த ஒரு கட்டுரை, 1932 முதல் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடிய ஏறத்தாழ 290 ஆண்களில் தலித்துகள் நான்கே பேர் என்று கணக்கிட்டது. நாட்டின் மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்கு நாம். புதுச்சேரியில் 2011 கணக்கெடுப்பின்படி 15.7 சதவீதம். தொண்ணூறு வருடமாக நம் தெருக்களில் திறமையே பிறக்கவில்லை என்று நம்பத் தயாராக இருப்பவர்கள் மட்டும் அந்த வாதத்தை வைக்கட்டும். தென்னாப்பிரிக்கா இதை மூடி மறைக்கவில்லை. 2016-ல் தேசிய அணிக்கே இலக்கு வைத்தது, பதினொரு பேரில் சராசரியாக ஆறு பேர் வெள்ளையரல்லாதோர், அவர்களில் இரண்டு பேர் கறுப்பின ஆப்பிரிக்கர் என்று. அதில் சண்டை சச்சரவு உண்டு. ஆனால் எண்ணிப் பார்க்கவாவது செய்தார்கள். இங்கே எண்ணுவதே குற்றம் என்கிறார்கள்.

அப்படியானால் நாம் என்ன கேட்கப் போகிறோம்? நான் ஆராய்ச்சி மாணவி, எனக்குத் தீர்மானம் எழுத வராது. நாலு விஷயம் மட்டும் முன்வைக்கிறேன், விவாதியுங்கள்.

முதலாவது, தரை. புதுச்சேரிப் பகுதியில் ஐந்து கொம்யூன்கள்: அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர். ஒவ்வொரு கொம்யூனிலும் ஒரு அரசுப் பள்ளியில் மேட்டிங் விரித்த ஆடுகளமும் ஒரு ஜோடி வலையும் கேட்போம். இது ஸ்டேடியம் அல்ல. சிமெண்டுத் தளம், கயிற்றுப் பாய், நாலு இரும்புக் கம்பம். ஆதிதிராவிடர் நலத்துக்கான சிறப்புக்கூறு நிதியில் இதற்கு வழி தேட வேண்டும்.

இரண்டாவது, கருவி. பேடும் ஹெல்மெட்டும் பள்ளியின் சொத்தாக, எடுத்து ஆடித் திருப்பி வைக்கிற மாதிரி இருக்கட்டும். நூலகத்தில் புத்தகம் எடுக்கிற மாதிரி.

மூன்றாவது, தேர்வு. எங்கே முகாம், என்றைக்கு, எத்தனை பேர் வந்தார்கள், எந்தக் கொம்யூனிலிருந்து, எந்த வகைப் பள்ளியிலிருந்து, எத்தனை பேரை எடுத்தார்கள் என்று வெளியிடச் சொல்வோம். அறிவிப்பு ஒவ்வொரு அரசுப் பள்ளிச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும்.

நான்காவது, கிராமத்து டோர்னமென்டுகள். இங்கே யாரிடமும் மனு கொடுக்க வேண்டாம், நாமே செய்யலாம். எந்த டோர்னமென்டில் "ஃபுல் ஆயிடுச்சு" என்று யாருக்குச் சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள். தேதி போட்டு, அட்டவணையைப் படம் எடுத்து வையுங்கள். ஊர்த்தெரு அணிகளில் நமக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காலனி அணி இல்லாத ஆட்டத்தில் ஆட மறுக்கட்டும். விம்பிஷ் செய்தது அவ்வளவுதான், ஒத்துழைக்க மாட்டேன் என்றார்.

மனு கொடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, மறக்கக் கூடாது. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் நடந்தது. அந்த நிர்வாகத்தின் காலம் 2011-ல் முடிந்தது. அதற்கப்புறம் கொம்யூன் பஞ்சாயத்துக்கு நாம் தேர்ந்தெடுத்த ஆளே கிடையாது. பாகூரில் ஒரு திடல் வேண்டுமென்று கேட்க, ஓட்டு கேட்டு நம் தெருவுக்கு வர வேண்டிய ஒருவர் இல்லை. அதிகாரி இருக்கிறார், அவர் மாறுதலாகிப் போய்விடுவார். மைதானம் கேட்கிற போராட்டமும் உள்ளாட்சித் தேர்தல் கேட்கிற போராட்டமும் ஒரே போராட்டம்தான்.

முடித்துவிடுகிறேன். துத்திப்பட்டில் நாங்கள் கிளம்பும்போது ஒரு பந்து வலைக்கு மேலே எகிறி எங்கள் பக்கம் உருண்டு வந்தது. பையன் ஓடிப்போய் எடுத்தான். உடனே எறியவில்லை. தையல்மேல் விரலை வைத்து ஒருமுறை பிடித்துப் பார்த்தான். அப்புறம் எறிந்தான். உள்ளேயிருந்து ஒருவர் கையைத் தூக்கி, "தேங்க்ஸ் தம்பி" என்றார். நல்ல மனிதர்.

பேருந்தில் வில்லியனூர் தாண்டும் வரை அவன் பேசவில்லை. அப்புறம், "கனமா இருக்கு சித்தி" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "கனமா இருந்தாத்தான் நல்லா போடலாம்போல" என்றான்.

அடுத்த வாரம் கடலூரில் ஒரு கடையில் ஒரு லெதர் பந்து வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் அதன் ஒரு பக்கம் தோல் உரிந்துவிட்டது. வயல் வரப்பில் வேறென்ன ஆகும்? இப்போது அதை வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொண்டு தையலைப் பிடிக்க மட்டும் பழகுகிறான். நான் வாங்கிக் கொடுக்கக்கூடியது பந்து. தரையை நாம் எல்லோரும் சேர்ந்துதான் வாங்க வேண்டும்.